‘சுழல்’ கடைசியில் ஏமாற்றியதா? சேலத்திலிருந்து ஒரு பதில்

கேள்வி இதுதான். நம்ம சேலத்துப் பிள்ளைகள் சிலர் ஏற்காட்டில் அறை எடுத்துத் தங்கிய இடத்தில் ‘சுழல்’ என்கிற மர்ம வெப் தொடரின் முதல் சீசனை, எட்டு எபிசோடையும், ஒரே ராத்திரியில் பார்த்து முடித்திருக்கிறார்கள். முடிந்ததும் சண்டை. "கடைசியில் அந்த ஆளைக் காட்டியது சுத்தப் போங்கு, ஒரு துப்பும் கொடுக்காமல் யாரோ ஒருத்தர் தலையில் பழியைப் போட்டுவிட்டார்கள்" என்று ஒரு கட்சி. "இல்லை, எல்லாம் முன்னாலேயே இருந்தது, நமக்குத்தான் தெரியவில்லை" என்று இன்னொரு கட்சி. கூடவே இரண்டு கேள்வி: நடிப்பில் யார் முதலிடம், மயானக் கொள்ளைத் திருவிழா கதைக்கு நிஜமாகவே தேவையா அல்லது கலர்ஃபுல்லாக இருக்கட்டும் என்று சேர்த்ததா.

தொடரைப் பார்க்காதவர்கள் இங்கேயே நிறுத்திவிடுங்கள். முடிச்சை அவிழ்க்காமல் இதற்குப் பதில் சொல்ல வழியில்லை, அந்த முடிச்சை நீங்களாகவே அவிழ்ப்பதுதான் நல்லது.

சரி, முதல் கேள்வி. போங்கு இல்லை தம்பி. நான் இரண்டாவது கட்சி.

மர்மக் கதையில் பார்க்கிறவனை ஏமாற்ற இரண்டு மட்டமான வழி உண்டு. ஒன்று, அதுவரை கதையிலேயே இல்லாத ஒருத்தனைக் கடைசியில் கொண்டுவந்து நிறுத்துவது. இன்னொன்று, துப்பு துலக்குகிற ஆளுக்குத் தெரிந்த விஷயத்தை நம்மிடம் மட்டும் மறைப்பது. ‘சுழல்’ இரண்டையும் செய்யவில்லை. கடைசியில் மாட்டுகிற குணா ஆரம்பத்திலிருந்தே நிலாவின் வீட்டில் இருக்கிறார். சிமெண்ட் ஆலை எரிகிற அதே ராத்திரியில், ஆலையின் யூனியன் தலைவர் சண்முகத்தின் மகள் நிலா காணாமல் போகிறாள், அப்போதிலிருந்து அண்ணன் சண்முகத்துக்குத் துணையாக நடமாடுகிற தம்பி அவர். இன்ஸ்பெக்டர் ரெஜினாவுக்கும் சப்-இன்ஸ்பெக்டர் சக்கரைக்கும் என்ன தெரிகிறதோ, ஏறக்குறைய அதேதான் நமக்கும் தெரிகிறது. யூனியன் தலைவர்மேல் சந்தேகம், முதலாளி வீட்டுமேல் சந்தேகம், காதல் விவகாரம், சாமியார் விவகாரம் என்று அவர்கள் தப்பான பாதையில் போகும்போதெல்லாம் நாமும் கூடவே போகிறோம்.

"நந்தினிக்குத் தெரியுமே, அவளும் நம்மிடம் சொல்லவில்லையே" என்று அந்தக் கட்சி கேட்டதாக எழுதியிருந்தீர்கள். இது நல்ல கேள்வி, யோசித்துத்தான் பதில் சொல்ல வேண்டும். நிலாவின் அக்கா நந்தினி இந்தக் கதையில் போலீஸ் இல்லை, பாதிக்கப்பட்டவள். சின்ன வயதில் குணா தனக்குச் செய்த பாலியல் கொடுமையை வாய் திறந்து யாரிடமும் சொல்லாமல் வீட்டை விட்டே தள்ளிப் போனவள். அவளுடைய மௌனம் கதாசிரியர் நம்மிடம் செய்த தந்திரம் இல்லை, அந்தக் குற்றம் அவளுக்குச் செய்த காரியம். அப்பாவிடம் அவள் காட்டுகிற கோபத்துக்கும், அந்த வீட்டுக்குள் நிற்கும்போது அவள் உடம்பில் தெரிகிற அசௌகரியத்துக்கும் நாமாகவே வேறு வேறு காரணம் கற்பித்துக்கொள்கிறோம். அறிகுறி எல்லாம் கண் முன்னால்தான் இருந்தது.

நம்மை ஏமாற்றியது குணா அந்த வீட்டில் இருக்கிற இடம்தான், சித்தப்பா என்கிற இடம். நம்ம வீடுகளில் சித்தப்பா யார் என்று யோசித்துப் பாருங்கள். அப்பாவிடம் கேட்கப் பயப்படுகிறதை அவரிடம் கேட்போம், பள்ளிக்கூடத்துக்கு வண்டியில் கொண்டுபோய் விடுவார், திருவிழாவில் ராட்டினம் சுற்றக் காசு கொடுப்பார். அப்படிப்பட்டவரை யாரும் கணக்கிலேயே எடுப்பதில்லை, கதை பார்க்கிறவனும் எடுப்பதில்லை. நிஜத்தில் நடப்பதும் இதுவே. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கிற போக்சோ சட்டம் 2012-ல் வந்தது. அதன்கீழ் பதிவாகும் பாலியல் வன்கொடுமை வழக்குகளைப் பற்றித் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் வருஷா வருஷம் தருகிற அறிக்கையைப் புரட்டினால், குற்றம் சாட்டப்பட்டவர்களில் 90 சதவீதத்துக்கு மேல் அந்தக் குழந்தைக்கு ஏற்கெனவே தெரிந்தவர்கள். சொந்தக்காரர், பக்கத்து வீட்டுக்காரர், குடும்ப நண்பர். இருட்டில் மறைந்திருக்கும் அந்நியனைத் தேடி எட்டு எபிசோடு நம்மை அலையவிட்டுவிட்டு, கடைசியில் கூடத்தில் உட்கார்ந்திருக்கிறவரைக் காட்டுகிறார்கள் என்றால் அதில் திருப்பத்தைவிட உண்மைதான் அதிகம் என்று எனக்குப் படுகிறது.

ஒன்றை மட்டும் அந்தக் கட்சிக்கு விட்டுக்கொடுக்கிறேன். நடுவில் இழுவை இருக்கிறது. தீப்பிடித்த விவகாரத்தை ஆராய வருகிற கோதண்டராமன் பகுதி, சந்தானபாரதி எவ்வளவுதான் ருசியாகச் செய்தாலும், நிலாவின் கதையோடு கடைசிவரை முழுசாக ஒட்டவில்லை. சந்தேகத்துக்கு ஆள் சேர்ப்பதற்காகவே சிலரைக் கொண்டுவந்திருக்கிறார்கள் என்பதும் இரண்டாம் முறை பார்க்கும்போது நன்றாகவே தெரிந்துவிடுகிறது.

அடுத்து நடிகர்கள். இதில்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

முதலிடம் யாருக்கு என்றால், நான் கொஞ்சமும் யோசிக்காமல் குணாவாக வருகிற இளங்கோ குமரவேல் என்பேன். உங்கள் குழுவில் ஒருத்தர்கூட அவர் பெயரைச் சொல்லவில்லை என்பதுதான் அவர் எவ்வளவு நன்றாகச் செய்திருக்கிறார் என்பதற்குச் சாட்சி. இந்த மாதிரி வேடத்தில் நடிகர் ஒரே காட்சியை இரண்டு தடவைக்கு நடிக்க வேண்டியிருக்கிறது: முதல் தடவை பார்க்கிறவனுக்கு அது அக்கறையாகத் தெரிய வேண்டும், உண்மை தெரிந்தபிறகு பார்க்கிறவனுக்கு அதே முகம், அதே பேச்சு, பயமாகத் தெரிய வேண்டும். கொஞ்சம் கூடுதலாகக் கண்ணை உருட்டினால் முதல் தடவையே மாட்டிக்கொள்வார், ஒன்றுமே செய்யாமல் விட்டால் இரண்டாம் தடவை பார்க்கிறவனுக்கு அவர் பொய்யாகிவிடுவார். குமரவேல் நாடகத்திலிருந்து வந்தவர். மேஜிக் லேண்டர்ன் குழு ‘பொன்னியின் செல்வனை’ மேடைக்குக் கொண்டுவந்தபோது அதை நாடகமாக எழுதியது அவர்தான், பிறகு மணிரத்னம் படத்துக்கும் திரைக்கதையில் கூட உட்கார்ந்தவர். 2008-ல் வந்த ‘அபியும் நானும்’ படத்தில் அந்தக் குடும்பத்துக்குள் வந்து சேர்கிற வெள்ளந்தியான மனிதராக அவரைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் படம் பார்த்த யாருக்கும் அவர்மேல் சந்தேகம் வராது. தொடரை உருவாக்கிய புஷ்கர், காயத்ரி இருவரும் அவரைத் தேர்ந்தெடுத்தபோதே பாதி மர்மத்தை எழுதிவிட்டார்கள் என்று சொல்வேன்.

இதே கணக்கை எதிர்ப்பக்கமாகப் போட்டிருப்பது சண்முகமாக வருகிற பார்த்திபன் விஷயத்தில். பார்த்திபன் என்றாலே ஏடாகூடமான பேச்சு, நக்கல், ஆள் எப்போதும் ஏதோ ஒன்றை ஒளித்துவைத்திருக்கிறார் என்கிற நினைப்பு, 1989-ல் ‘புதிய பாதை’யில் தொடங்கி நமக்குள் ஊறிப்போன விஷயம். 2019-ல் ‘ஒத்த செருப்பு’ படத்தில் தனி ஆளாக உட்கார்ந்து போலீசையே சுற்றலில் விட்டவர் வேறு. அப்படிப்பட்டவர் ஒரு தொழிற்சங்கத் தலைவராக, ஆலைக்கு எதிராகப் பேசிக்கொண்டு, மகள் காணாமல் போன அப்பாவாகவும் வந்து நின்றால் நம் கண் அவர்மேல்தான் போகும். போகட்டும் என்றுதான் அவரைப் போட்டிருக்கிறார்கள். அவரும் தன் வழக்கமான நக்கலை எல்லாம் கழற்றி வைத்துவிட்டு, ஒரு உடைந்துபோன மனிதராகவே இருக்கிறார். எனக்கு அவரிடம் ரொம்பப் பிடித்த வேடங்களில் இது ஒன்று.

ஸ்ரேயா ரெட்டிக்குத்தான் உங்களில் நிறைய பேர் ஓட்டுப் போட்டிருக்கிறீர்கள், நியாயம்தான். 2006-ல் ‘திமிரு’ படத்தின் ஈஸ்வரியைப் பார்த்தவர்களுக்கு அந்த மிரட்டல் மறக்காது, ரெஜினாவையும் அதே மிரட்டலோடுதான் ஆரம்பிக்கிறார், முதலாளி பக்கம் சாய்ந்து நிற்கிற போலீஸ்காரியாக. அப்புறம் தன் மகன் அதிசயமும் இந்த வழக்குக்குள் இருக்கிறான் என்று தெரிந்து, அவனும் உயிரோடு இல்லை என்றானபிறகு, அந்தச் சீருடைக்குள்ளிருந்து ஒரு தாய் வெளியே வருகிற இடம் இருக்கிறதே, அங்கே அவர் குரலே மாறிப்போகிறது. ஒரே ஆளுக்குள் இவ்வளவு தூரம் போய் வருகிற வேடம் நம்ம ஊரில் நடிகைகளுக்கு எத்தனை தடவை கிடைக்கிறது சொல்லுங்கள்.

கதிர் பற்றி "ஒன்றுமே செய்யவில்லை, சும்மா நடந்து வருகிறார்" என்று ஒருத்தர் எழுதியிருந்தார். எனக்கு அதில் உடன்பாடில்லை. சக்கரை எளிய ஆள், மேலதிகாரியை மலைபோல நம்புகிற ஆள், அந்த நம்பிக்கை கொஞ்சம் கொஞ்சமாகச் சரிகிறதைப் பேசாமல் காட்ட வேண்டிய வேடம் அது. ‘பரியேறும் பெருமாள்’ பார்த்தவர்களுக்கு அவருடைய மௌனம் எவ்வளவு பேசும் என்று தெரியும். இன்னொரு விஷயம், தொடரின் முற்பாதியை இயக்கியவர் பிரம்மா, பிற்பாதியை இயக்கியவர் அனுசரண். அனுசரணின் ‘கிருமி’ படத்துக்கும் கதிர்தான் நாயகன், புஷ்கர் காயத்ரியின் ‘விக்ரம் வேதா’விலும் அவர் இருந்தார். பழகிய கைகள் என்பதால்தான் அவரை அலட்டாமல் விட்டிருக்கிறார்கள். பிரம்மாவைப் பற்றியும் சொல்ல வேண்டும், ‘குற்றம் கடிதல்’ எடுத்துத் தேசிய விருது வாங்கியவர், ஒரு ஆசிரியைக்கும் ஒரு மாணவனுக்கும் நடுவில் ஒரு நொடியில் நடந்ததை வைத்து முழுப்படமும் பதற வைத்தவர். குழந்தைகள் சம்பந்தப்பட்ட ஒன்றை அசிங்கமில்லாமல், அதேசமயம் மழுப்பாமல் எடுக்கிற ஆள் வேண்டும் என்றால் அவரைவிடப் பொருத்தமானவர் கிடைப்பது கஷ்டம்.

ஐஸ்வர்யா ராஜேஷ் சன் டிவி நகைச்சுவை நிகழ்ச்சித் தொகுப்பாளராக இருந்த காலத்திலிருந்தே எனக்குப் பிடித்தவர், அதனால் நான் கொஞ்சம் பாரபட்சமாகத்தான் பேசுவேன். நந்தினிக்குப் பெரிய வசனமில்லை. ஹரிஷ் உத்தமனும் நிவேதிதா சதீஷும் கொடுத்ததைச் சுத்தமாகச் செய்தார்கள். நிலாவாக வருகிற கோபிகா ரமேஷ் கொஞ்ச நேரமே வந்தாலும் மனசில் நிற்கிறார்.

நடிகர்மேல் நமக்கு இருக்கிற அபிப்பிராயத்தையே துப்பாகவும் திசைதிருப்பலாகவும் பயன்படுத்துகிற இந்த வித்தை ஓடிடி வந்தபிறகு பிறந்தது என்று நினைக்காதீர்கள். ஏற்காட்டிலிருந்து கீழே இறங்கி வந்தீர்களே, அந்த ஏற்காடு ரோட்டில் இன்னும் நிற்கிற மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவைத் தாண்டித்தான் ஊருக்குள் வந்திருப்பீர்கள். டி. ஆர். சுந்தரம் 1935-ல் தொடங்கிய ஸ்டுடியோ. நூற்றுக்கு மேற்பட்ட படங்கள், தமிழின் முதல் வண்ணப்படமான ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ (1956) உட்பட. துப்பறியும் கதைகளில் இந்த ஸ்டுடியோவுக்கு எப்போதும் ஒரு தனி மோகம். 1950-லேயே ‘திகம்பர சாமியார்’ என்று வடுவூர் துரைசாமி ஐயங்கார் நாவலை எடுத்து, நம்பியாரை வேடத்துக்கு மேல் வேடம் போட வைத்துத் துப்பறிய விட்டார்கள். சுந்தரம் 1963-ல் இறந்தபிறகு மகன் ராமசுந்தரம் அந்தப் பாதையிலேயே போனார். 1965-ல் வந்த ‘வல்லவனுக்கு வல்லவன்’ படத்தில் என்ன செய்தார் தெரியுமா? வில்லனாகவே பார்த்துப் பழகிய அசோகனை நாயகனாக்கி, காதல் மன்னன் ஜெமினி கணேசனை வில்லனாக்கினார். அந்தக் காலத்து ஆள் ஒருத்தர் தியேட்டரில் உட்கார்ந்து ஜெமினியை எப்படிச் சந்தேகப்பட்டிருப்பார்? குமரவேலை நீங்கள் சந்தேகப்படாத மாதிரிதான். அறுபது வருஷத்துக்கு முன்னால் நம்ம ஊரில் செய்து பார்த்த வேலை இது, அதில் எனக்குப் பெருமை உண்டு.

டிவிக்கு வந்தாலும் சேலத்துக்கு ஒரு பங்கு இருக்கிறது. ‘மர்மதேசம்’ எழுதிய இந்திரா சௌந்தர்ராஜன் பிறந்தது இங்கேதான், வாழ்ந்ததும் 2024 நவம்பரில் மறைந்ததும் மதுரையில். பாலசந்தரின் மின்பிம்பங்கள் தயாரித்து நாகா இயக்கிய அந்தத் தொடர்கள் தொண்ணூறுகளின் நடுவில் சன் டிவியில் வாரம் ஒருமுறை வந்தன. ‘விடாது கருப்பு’ பார்த்தவர்கள் இன்னும் அதை மறக்கவில்லை. ராத்திரியில் குதிரையில் வந்து தப்புச் செய்தவர்களைத் தண்டிக்கிற கருப்பு நிஜமாகவே சாமியா, இல்லை மனுஷனா என்பதுதான் கேள்வி. விடை, சேத்தன் நடித்த பாத்திரத்துக்குள் இருந்த இன்னொரு ஆளுமை. சேத்தனும் தேவதர்ஷினியும் அந்தத் தொடரில் சேர்ந்து நடித்துப் பிறகு நிஜ வாழ்க்கையிலும் சேர்ந்தார்கள் என்பது ரசிகர்களுக்கெல்லாம் தெரிந்த சந்தோஷம்.

இங்கே ஒன்று கவனியுங்கள். வாரம் ஒரு எபிசோடு என்றால் நடுவில் ஏழு நாள் இருக்கிறது. அந்த ஏழு நாளும் டீக்கடையிலும் ஆபீசிலும் பள்ளிக்கூடத்திலும் இதே பேச்சு, அவன்தான், இல்லை இவன்தான் என்று ஆளாளுக்கு ஒரு தீர்ப்பு. வீட்டில் இருக்கிற கிழவி வரைக்கும் எல்லாரையும் ஒரு சுற்றுச் சந்தேகப்பட்டு முடித்திருப்போம். ஒரே ராத்திரியில் எட்டையும் பார்த்தால் அந்த அவகாசம் கிடைக்காது, ஒரு எபிசோடு முடிந்த பத்தாவது நொடியில் அடுத்தது ஓட ஆரம்பித்துவிடுகிறது. துப்பு இருந்தும் அதை மென்று பார்க்க நேரமில்லை. உங்களில் போங்கு என்று சொன்னவர்கள் முக்கால்வாசிப் பேர் இதனால்தான் அப்படி உணர்ந்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். இன்னொரு தடவை, ராத்திரிக்கு ஒரு எபிசோடு என்று வைத்துப் பாருங்கள், அந்த வீட்டுக் காட்சிகளில் மட்டும் குணா எங்கே நிற்கிறார், யார் கேட்ட கேள்விக்கு முந்திக்கொண்டு பதில் சொல்கிறார் என்று பார்த்துக்கொண்டே வாருங்கள். அப்புறம் வந்து சண்டை போடுங்கள், நான் தயார்.

மயானக் கொள்ளைக்கு வருகிறேன். இதை வெறும் அலங்காரம் என்று சொன்னவர் சேலத்துக்காரராக இருந்தும் அதைக் கிட்டத்தில் பார்த்ததில்லை போலிருக்கிறது. மாசி மாதம் சிவராத்திரிக்கு மறுநாள் அமாவாசையில் நடக்கிறது. மேல்மலையனூரில் பெரிய அளவில் நடப்பது எல்லாருக்கும் தெரியும், நம்ம ஊரிலும் அங்காளம்மன் கோயில்களிலிருந்து காளி வேஷம் கட்டியவர்கள் ஊர்வலமாகக் கிளம்பி காக்காயன் சுடுகாட்டுக்குப் போவார்கள். அருள் வந்தவர்கள் ஆட்டையும் கோழியையும் வாயாலேயே கடித்துக் காவு வாங்குவதைப் பார்க்கத் தைரியம் வேண்டும். கதை என்னவென்றால், பிரம்மாவின் ஐந்தாவது தலையைச் சிவன் கிள்ளி எடுக்க, அந்தக் கபாலம் அவர் கையிலேயே ஒட்டிக்கொள்கிறது, அவர் வாங்குகிற பிச்சையை எல்லாம் அதுவே தின்றுவிடுகிறது. அம்மன் மயானத்தில் சோற்றைக் கொள்ளை கொள்ளையாக இறைக்கிறாள், ருசி கண்ட கபாலம் கையை விட்டுக் கீழே இறங்குகிறது, அவள் விசுவரூபம் எடுத்து அதைக் காலால் மிதித்து அடக்குகிறாள்.

இப்போது இதைத் தொடரோடு பொருத்திப் பாருங்கள். வீட்டிலேயே ஒட்டிக்கொண்டு, அந்த வீட்டுச் சோற்றையே தின்றுகொண்டு, யாராலும் உதற முடியாமல் இருந்த ஒன்று. அதை வெளியே இழுத்து அடக்குவது ஒரு பெண். நந்தினி குணாவைக் கொல்லுகிற இடத்தைத் திருவிழாவோடு சேர்த்து வைத்திருப்பது சும்மா இல்லை. இன்னொரு பயனும் இருக்கிறது. திருவிழா என்பது தேதி குறித்த விஷயம், யார் செத்தாலும் யார் காணாமல் போனாலும் அது பாட்டுக்கு நாளை நோக்கிப் போய்க்கொண்டே இருக்கும், ஊரே வேஷத்தில் இருக்கிற நேரத்தில் யார் முகத்தையும் நம்ப முடியாது. படபடப்பு வேண்டும் என்று செயற்கையாக ஒரு கெடிகாரத்தை மாட்ட வேண்டிய அவசியமே அவர்களுக்கு வரவில்லை. சாம் சி. எஸ். இசையில் அந்தப் பறையும் உடுக்கையும் கேட்கிறபோது எனக்கு நம்ம ஊர் மாசி மாதம்தான் நினைவுக்கு வருகிறது.

நந்தினி சட்டத்தைக் கையில் எடுத்தது சரியா என்று கேட்டால், தொடரே அதைச் சரி என்று முத்திரை குத்தி விடவில்லை, இரண்டாம் சீசனில் அவள் சிறையில்தான் இருக்கிறாள். 2025 பிப்ரவரியில் வந்த அந்த சீசனில் வழக்கறிஞர் செல்லப்பாவாக வருகிற லால் கொல்லப்படுகிறார், எட்டுப் பெண்கள் தனித்தனியாக நான்தான் கொன்றேன் என்கிறார்கள். யார் கொன்றது என்பதைத் திருப்பிப்போட்டு, இவ்வளவு பேரும் ஏன் ஒப்புக்கொள்கிறார்கள் என்று கேட்பது நல்ல யோசனை. ஆனால் முதல் சீசன் அளவுக்கு எனக்குப் பிடிக்கவில்லை. எட்டுப் பேரில் கௌரி கிஷனைத் தவிரப் பலரும் நமக்குப் பழகாத முகங்கள், முதல் சீசனில் குமரவேலையும் பார்த்திபனையும் வைத்து ஆடிய ஆட்டத்தை இவர்களை வைத்து ஆட முடியாது. அந்த இடத்தைக் கொஞ்சம் ஈடுகட்டுகிறவர் சரவணன், ‘பருத்திவீரன்’ சித்தப்பாவாக நாம் உரிமையோடு பார்த்துப் பழகியவரைப் போலீசாகக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள். அவர் எந்தப் பக்கம் என்று நான் இங்கே சொல்லப் போவதில்லை, நீங்கள் இன்னும் இரண்டாவது சீசன் ஆரம்பிக்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். ராத்திரிக்கு ஒன்று என்று பாருங்கள், ஒவ்வொன்று முடிந்ததும் உங்கள் சந்தேகம் யார்மேல் என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.